அந்த ஊர் மணி

1

அன்று காலை ஜூலியன் கடைசியாகக் கேட்டது சீப்பை.

"சீப்ப எங்க வச்ச?"

ஜன்னல் கட்டையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி பார்க்காமலே தலையை வாரிக்கொண்டார். மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழே வீட்டுச் சாரம். முந்திய நாள் அடித்த காற்றில் எங்கள் பக்கத்துப் போன் கோபுரம் பழுதாகி வீட்டில் இணையம் இல்லை. அப்படியான நாட்களில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கி மேட்டுக்குப் போனால் ராகலைப் பக்கத்துக் கோபுரம் எட்டும். மடிக்கணினியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஏறிப் போனார். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதைகளில் அப்படியான காலைகளில் ஒரு கண்ணாடி உடையும், ஏதாவது ஒரு பறவை கத்தும். எங்கள் காலையில் சீப்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

இந்தக் கதை பிறந்த விதத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜூலியன் வேலை செய்த கம்பனியில் அவருக்கு மேலே இருந்தவர் கிளைவ். அவர்களுடைய இணையப் பக்கத்தில் போடுவதற்காக, ஜூலியனைப் பற்றி நான்கு வரி எழுதித் தரும்படி கிளைவ் என்னிடம் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதினேன். அன்பானவர், கடமை தவறாதவர், மழையை விரும்பியவர்*, என்றும் நினைவில் இருப்பார். அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகும் கை நிற்கவில்லை. மிச்சம் தமிழில் வந்தது. சீப்பிலிருந்து வந்தது.

* இது பொய். மழை தகரத்தில் விழுந்தால் அவருக்குக் கூட்டத்தில் பேசுவது ஒன்றும் கேட்காது. மழையைத் திட்டுவார். பக்கத்தில் தொழிற்சாலை ஏதும் ஓடுகிறதா என்று கிளைவ் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

2

என் பெயர் ஐவி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை; தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுச்செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வாசிப்பேன். கதை எழுதியதில்லை. அதனால் தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். அவற்றையும் இங்கே விட்டுவைக்கிறேன்.

[ஒரு தொடக்கம்] "பனிமூட்டத்தில் உறங்கும் மலைகளின் மடியில்—"

வேண்டாம். அந்த நேரத்தில் இங்கே ஒருவரும் உறங்குவதில்லை. அடுப்பு மூட்டியாகிவிடும்.

[இன்னொன்று] "உலகம் சுருங்கிவிட்ட இக்காலத்தில், ராகலைக்கு மேலே ஒரு லயக் காம்பரா வீட்டில் இருந்துகொண்டு ஓர் இளைஞர் அவுஸ்திரேலியாவில் வேலை செய்தார்."

பத்திரிகைச் செய்தி போல இருக்கிறது. ஆனால் எங்கள் வில்லங்கம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு அங்கே வேலை செய்ய முடியுமா? முடியும் என்று மூன்று வருடம் நினைத்திருந்தோம்.

[மற்றொன்று] "அவன்—"

இதை உடனே விட்டேன். வீட்டில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க', 'கேட்டீங்களா', அவ்வளவுதான். எங்கள் லயத்தில் பெண்கள் அப்படித்தான். ஜூலியன் என்று எழுதுவதே எனக்குப் புதிது. எழுதும் ஒவ்வொரு தடவையும் அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னவென்று பார்ப்பது போல இருக்கிறது. ஆகவே தேவைக்கு மேல் இந்தப் பெயர் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

அவருடைய வேலையைச் சொல்ல வேண்டும். மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு நகரம், அங்கே ஒரு சிறிய கம்பனி. தனியாக வேலைக்குப் போகிறவர்களுக்காக, அதாவது பாலைவனத்தில் குழாய் பார்ப்பவர், மூடிய சுரங்கத்தில் காவல் நிற்பவர் போன்றவர்களுக்காக, போனில் ஒரு செயலி செய்திருந்தார்கள். வேலைக்குப் போனவர் அவ்வப்போது ஒரு பொத்தானை அழுத்தி 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அழுத்தாவிட்டால் செயலி சத்தம் போடும். அதற்கும் பதில் இல்லையென்றால் அலுவலகத்தில் ஓர் ஆள் போன் எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

இது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஜூலியனின் பொறுப்பு. அதற்கு, அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்தாமல் இருந்து பார்க்க வேண்டும். நாள் முழுவதும் காணாமல் போவதுதான் அவர் வேலை.

காணாமல் போவதற்குப் பெயர்கள் வேண்டுமே. எங்கள் ஆட்களின் பெயர்களையே போட்டார். வேலையாட்களை மேய்க்கும் வீரய்யா கங்காணி சுரங்கக் காவல். மாமி, அதாவது ஜூலியனின் அம்மா மதலேன், பாலைவனத்தில் குழாய் பார்ப்பவர். இது மாமிக்குத் தெரியவந்த அன்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே மகனிடம் போனார்.

"என்னைய எத்தன வாட்டிடா தொலச்ச?"

"இன்னைக்கு மட்டும் நாலு வாட்டிம்மா. நாலு வாட்டியும் கண்டுபுடிச்சிட்டாங்க."

"யாரு?"

"கிளைவ்."

"எந்தக் கிளைவ்? கோயில்ல மணியடிக்கிற சூசைரட்ணம் மகனா?"

மாமி கேட்டதில் பிழையில்லை. எங்கள் தோட்டத்தில் மட்டும் மூன்று கிளைவ் இருக்கிறார்கள். துரைமார் போனாலும் பெயர்கள் இங்கே தங்கிவிட்டன. அந்தக் கிளைவுக்கும் அப்படித்தானாம். ஜூலியன் என்ற பெயரைப் பார்த்ததும், அடுத்த தெருவில் இருக்கும் யாரோ விண்ணப்பித்திருக்கிறார் என்று நினைத்தாராம்.

எங்களைவிட அந்த ஊர் மணி இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. அங்கே காலை எட்டரைக்கு எல்லோரும் திரையில் கூடுவார்கள். கிளைவ் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும். இங்கே அப்போது ஆறு மணி. தோட்டத்தில் பெரட்டு நடக்கிற நேரம். கங்காணி பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து விடுவார். மாமி கூடையோடு பெரட்டுக்கு இறங்குவார். ஜூலியன் சட்டையோடு மேசைக்குப் போவார். அதனால் எங்கள் வீட்டில் இரண்டுக்கும் பெரட்டு என்றே பெயர்.

"சட்ட மட்டும் அந்த நாட்டுக்கு, சாரம் நம்ம நாட்டுக்கா?" என்று மாமி கேட்பார்.

"அவங்களுக்குப் பாதி ஆளுதாம்மா தெரியும்."

4

கடிகாரத்தை நான்காவது பகுதியில் வைப்பதா, கடைசியில் வைப்பதா என்று யோசித்தேன். இங்கேயே வைக்கிறேன். கடைசியிலும் வரும்.

எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்றே ஒன்று. வேலை கிடைத்த வாரம் ஜூலியன் அதை அந்த ஊர் மணிக்குத் திருப்பி வைத்துவிட்டார். நாங்கள் இரண்டரையைக் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. மாமிக்கு அரைத்தூக்கத்தில் கழிக்க வராது. ஒரு நாள் விழித்துப் பார்த்தார், ஐந்தே முக்கால். பெரட்டுக்குப் பிந்திவிட்டது என்று கூடையை மாட்டிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போய்விட்டார். பெரட்டுக் களத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. ஆட்களைக் காணவில்லையே, ஏதும் சாவு கீவா என்று வீரய்யா கங்காணி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கங்காணி போர்வையோடு வந்து என்ன சொன்னார் என்பதை மாமி இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்து கூடையை வாசலில் போட்டார். "ஒன் நாட்டு மணிக்கு நா கொழுந்தெடுக்கப் போயிட்டு வாறேன்டா. அத மொதல்ல திருப்பி வையி."

ஜூலியன் சிரித்துச் சிரித்துப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "வேணாம்மா. இந்த வீட்டுல ஒரு சாமானாவது அங்க இருக்கட்டும்."

மாமி கூடையை எடுத்து ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு பக்கத்துக் காம்பராவிலிருந்து யாராவது மணி கேட்டால், "இங்க மணியா, அங்க மணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.

5

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். இங்கே இருந்துகொண்டு அங்கே.

ஜூலியனுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. எனக்கும் இருந்தது. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மேடு ஏறாமல் ஒரு பேக்கரிக்கு நடந்து போய்ப் பாண் வாங்கிக்கொண்டு, மேடு ஏறாமல் வீட்டுக்கு வர வேண்டும் என்பார். சாயங்காலங்களில் போன் வரைபடத்தில் அந்த ஊர்த் தெரு ஒன்றைத் திறப்பார். வீடுகளைப் படத்தில் காட்டும். நாங்கள் இருவரும் விரலால் நடப்போம். தெரு தட்டையாக, ஒரு துண்டுத் துணியை விரித்தது போலக் கிடக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம். எங்களுக்கு வரும் கடிதங்கள் தோட்டத்து ஒபீசுக்கு வந்து, யார் கையிலாவது ஏறி, எப்போதாவது காம்பராவுக்கு வரும். குடியேற்ற விண்ணப்பத்தில் வீட்டு இலக்கம் கேட்ட இடத்தில் ஜூலியன் ஒரு கோடு போட்டார். அந்தத் தெருவில் நீலக் கேட்டும் எலுமிச்சை மரமும் உள்ள ஒரு வீட்டை நான் எனக்கென்று வைத்திருந்தேன். அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் குப்பைத் தொட்டியை இழுத்தபடி நிற்கிறாள். எப்போது போனாலும் அவள் அப்படியே நிற்பாள். அவளுக்கு நான் பெயர் வைத்திருந்தேன். [பெயரைச் சொல்லமாட்டேன்.]

தொழில் தெரிந்தவர்களை அந்த நாட்டில் குடியேற விடுவதற்குப் புள்ளி பார்க்கிறார்கள். வயது, படிப்பு, ஆங்கிலம், வேலை அனுபவம், எல்லாவற்றுக்கும் புள்ளி. அந்த நாட்டில் வேலை செய்த வருடங்களுக்குப் புள்ளி கூட. வெளிநாட்டில் செய்ததற்குக் குறைவு. கம்பனி அங்கே, வேலை அங்கே, கூட்டமும் அந்த ஊர் மணிக்கு. அதனால் தன்னுடைய மூன்று வருடமும் அந்த நாட்டு அனுபவம் என்று ஜூலியன் கணக்குப் போட்டிருந்தார்.

ராகலை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நஸார் நானா ஒரு தொடர்பாடல் கடை வைத்திருக்கிறார். போட்டோக் கொப்பி, ஸ்கேன், விண்ணப்பம் நிரப்புதல் எல்லாம் அங்கேதான். எங்கள் பக்கத்திலிருந்து வெளியே போன எல்லோருடைய கடதாசியும் அவர் கையால் போனது. சான்றுகளை ஸ்கேன் பண்ணும்போது ஜூலியன் தன் கணக்கைச் சொல்லியிருக்கிறார். நஸார் நானா மெஷின் மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, நீங்க யாருக்கு வேல செஞ்சீங்கண்டு அவங்க கேக்கல்ல. வேல செய்யக்குள்ள நீங்க எங்க இருந்தீங்கண்டுதான் கேக்கிறாங்க."

"இங்கதான் நானா இருந்தேன்."

"அப்ப அது வெளிநாட்டு வேல."

"இது எப்புடி நானா வெளிநாடு? எங்கப்பா பொறந்ததே இங்கதான்."

நஸார் நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஜூலியனுக்கும் வந்ததாம். வீட்டுக்கு வரும்போது சிரிப்பு இல்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மாமிக்குப் புரியட்டும் என்று ஜூலியன் அந்த வழியில்தான் சொன்னார். மூன்று வருடமும் அரைப்பேர்.

"காலம்பர பெரட்டுல ஒன் பேரக் கூப்புட்டான்ல?" என்றார் மாமி.

"கூப்புட்டாரு."

"இருக்கேன்னு சொன்னீல்ல?"

"சொன்னேன்."

"அப்புறம் என்னா அரைப்பேரு?"

"ஆளு போயி நிக்கணும்மா. காம்பராவுக்குள்ளேருந்து இருக்கேன்னு கத்துனா, ஒங்க வீரய்யா கங்காணி பேரு போடுவாரா?"

"போடமாட்டான்," என்றார் மாமி. "அவன் கெட்டவன்."

குறைந்த புள்ளியை வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது. மனைவிக்கு ஆங்கிலம் தெரிந்தால் அதற்கும் புள்ளி உண்டு. ஆகவே நான் படித்தேன். லீக்ஸ் பாத்திக்குப் புல் பிடுங்கிக்கொண்டே ஜூலியன் கேள்வி கேட்பார். நான் பதில் சொல்வேன். உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள். நான் பயணமே போனதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது நல்ல வாக்கியம், அப்படியே சொல் என்றார். கண்டியில் போய்ப் பரீட்சை எழுதி வந்தேன். சித்தியடைந்தேன். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தோம். அவருடைய அடுத்த பிறந்தநாளோடு வயதுக்கான புள்ளி இறங்கிவிடும். அதற்கு முன்னால் வர வேண்டும்.

[இந்த இடத்தில் 'நம்பிக்கை' என்று தொடங்கும் ஒரு பந்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

6

கிளைவ் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். வெள்ளைக்காரர், மேலாளர், மலையகக் கதை. நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். எழுதியதை வாசித்தால் அவர் பழைய துரை மாதிரி தொப்பி போட்டிருந்தார். இரண்டாவது பிரதியில் நல்லவராக எழுதினேன். அதில் அதிகமாக அழுதார். உண்மையில் எனக்குத் தெரிந்தது திரையில் ஒரு சதுரம். பின்னால் சுவரில் சைக்கிள் ஒன்று தொங்கும். ஒரு நாய் அடிக்கடி குறுக்கே போகும். 'குட் மோர்னிங் ஜூலியன்' என்பார். அடுப்படியில் இருந்தால் எனக்குக் கேட்கும். நான் ஒருபோதும் சத்தமாகச் சொல்லாத பெயரை ஒவ்வொரு காலையும் அந்த ஆள் என் வீட்டுக்குள் சொன்னார். அதற்காக அவர் மீது எனக்கு ஒரு சின்னப் பொறாமை இருந்தது. அதை வைத்து ஒரு பாத்திரத்தைச் செய்ய முடியாது. ஆகவே அவரைச் சதுரமாகவே விட்டுவிடுகிறேன்.

7

[இங்கே தண்ணீர்த் தாங்கி மேடு வர வேண்டும். பல தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நான் மேடு ஏறும் இடத்திலேயே வாக்கியம் நின்றுவிடுகிறது. பாதை சறுக்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி—]

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தாங்கிக்கு மேலே நின்ற மரத்தில் குளவிக்கூடு இருந்தது. ஏதோ பருந்து கலைத்துவிட்டிருக்க வேண்டும். தோட்டத்தில் குளவி கொட்டிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள். கூட்டத்துக்குத் தலைவாரிக்கொண்டு போன ஓர் ஆளுக்கும் அது வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

முதலில் தெரிந்தது எங்களுக்கு அல்ல. கீழே பெரட்டுக் களத்தில் மாமியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். அங்கே எட்டரைக்குக் கிளைவ் கூட்டத்தைத் தொடங்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஜூலியனிடம் வந்திருக்கிறார். அவருடைய சதுரத்தில் வானமும் தாங்கியின் விளிம்பும் தெரிந்தன. ஆள் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்களாம். காணாமல் போவதுதானே ஜூலியனின் வேலை. இன்றைக்குக் கூட்டத்திலேயே சோதனை செய்கிறான் என்று நினைத்தார்களாம். இதைக் கிளைவ் பிறகு என்னிடம் அவராகவே சொன்னார்.

மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு, அவசரத்துக்கென்று ஜூலியன் கொடுத்திருந்த இலக்கத்தைத் தேடி எடுத்திருக்கிறார். என் போன் வேறு கம்பனி. இணையம் இல்லாவிட்டாலும் பேச எட்டும். அடித்தது. ஜூலியன் உங்களோடு இருக்கிறாரா என்று கேட்டார். மேலே போயிருக்கிறார் என்றேன். "பெயர் கூப்பிட்டேன், பதில் இல்லை," என்றார்.

நான் அப்படியே வெளியே ஓடினேன்.

பிறகு கொழுந்து லொறி, ஆஸ்பத்திரி, கோயில். சீப்பு சட்டைப் பையிலேயே இருந்தது.

8

மனைவியின் இடம் விண்ணப்பதாரருக்குப் பின்னால். அவர் இல்லையென்றால் அந்த விண்ணப்பமும் இல்லை. நஸார் நானா இதைச் சொல்லத் தயங்கி, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார். சட்டம் அப்படித்தான். தோட்டத்திலும் அப்படித்தான், ஒருவர் வேலை செய்த பேரை இன்னொருவருக்கு மாற்றிப் போட மாட்டார்கள்.

ஆனால் கதை முடிவதற்கு விண்ணப்பம் தேவையில்லை. ஆகவே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) அழைப்பு வருகிறது. போகிறோம். ஜூலியன் முழுக்காற்சட்டை போட்டுக்கொண்டு, உண்மையான மேசையில் உட்கார்ந்து, உண்மையான கிளைவுக்கு 'இருக்கிறேன்' என்கிறார். நான் தட்டையான தெருவில் பாண் வாங்கிவருகிறேன். நீலக் கேட்டு வீட்டுப் பெண் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையசைக்கிறாள். எங்கள் சுவரில் ராகலை மணிக்கு ஒரு கடிகாரம். இந்த முடிவை எழுதும்போது கை எங்கும் தடுக்கவில்லை. அதனால்தான் நம்பவில்லை.

ஆ) முந்திய நாள் காற்று அடிக்கவில்லை. வீட்டில் இணையம் இருக்கிறது. ஜூலியன் மேசையில் இருந்தபடியே கூட்டத்தை முடித்துவிட்டு, "ரொட்டிக்குச் சம்பல் இல்லியா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறார். முற்றும். இதில் கதையே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். இல்லைதான். எனக்கு வேண்டியது இந்த முடிவு. இதை எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். ஒரு தடவை சம்பலும் அரைத்து வைத்தேன்.

இ) மூன்றாவது இன்னும் நடக்கவில்லை.

போன வாரம் கிளைவ் பேசினார். 'இருக்கிறேன்' என்று அழுத்தாதவர்களுக்குப் போன் எடுத்துப் பெயர் கூப்பிடும் ஆள் வேலையை விடுகிறாராம். காலை நேரம், வீட்டிலிருந்தே செய்யலாம். உங்கள் ஆங்கிலம் போதும், நீங்கள் செய்வீர்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்று காலை மறுபடியும் பேசி, நாளை எட்டரைக் கூட்டத்துக்கு வந்து பாருங்கள், வந்தால் உங்கள் பெயரையும் கூப்பிடுகிறேன், வராவிட்டால் புரிந்துகொள்கிறேன் என்றார்.

என்ன யோசிக்கிறேன் என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையை எடுத்தால் என் வருடங்கள் தொடங்கும். அரைப்பேர்தான், ஆனாலும் என் பெயரில். வருடங்கள் சேர்ந்தால் ஒரு நாள் அந்தத் தட்டையான தெருவில் விரலை எடுத்துவிட்டுக் காலை வைக்கலாம். அது அவருடைய ஆசையா என்னுடையதா என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. அப்படிப் போகிற நாளில் மாமி இந்தக் காம்பராவில் தனியாக இருப்பார். கோயிலுக்குப் பின்னால் கல்லறையில் ஜூலியன் இருப்பார். அவரை யார் பார்ப்பது என்று கேட்டால் அது ஒரு முட்டாள் கேள்வி. ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொன்று. அந்த வேலையில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. காத்திருந்து பழக்கம் இருக்கிறது.

9

இது இன்று பின்னேரம் நடந்தது. இதைக் கற்பனை செய்யவில்லை.

இரண்டு நாளாகக் கடிகாரம் நின்று கிடந்தது. நான் கவனித்தும் கவனிக்காதது போல இருந்தேன். மாமி வேலை முடிந்து, உடுப்பும் மாற்றாமல், ராகலைக்குப் போய்ப் பெட்டரி வாங்கிவந்தார். முக்காலியில் தானே ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன். பெட்டரியைப் போட்டுவிட்டு, கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தார். இனியாவது இங்கே மணிக்கு வைப்பார் என்று நினைத்தேன்.

"அங்க இப்ப மணி என்னா?"

போனைப் பார்த்து, இரண்டரையைக் கூட்டிச் சொன்னேன். முள்ளைத் திருப்பினார். ஆணியில் மாட்டினார். இறங்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு எம்புள்ளைய மொதல்ல தேடுனது யாரு?"

"கிளைவ், மாமி."

"நீயும் இங்கதான் இருந்த. நானும் இங்கதான் பெரட்டுல நின்னேன். நமக்குத் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு." கடிகாரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, நேராக்கினார். "ஆளக் காணோம்னு எங்க தேடுறாங்களோ அங்கதானே ஆளு வேலைக்கு நின்னுருக்கான்? முழுப்பேரு போடச் சொல்லு."

யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முக்காலியிலிருந்து என் தோளைப் பிடித்து இறங்கினார். கை கொழுந்துக் கறையோடு கரடுமுரடாக இருந்தது. அடுப்படிப் பக்கம் போனவர், போகிற போக்கில் கேட்டார்:

"நாளைக்கு அந்தப் பெரட்டுக்குப் போறியா?"

நான் முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தேன். மாமி திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "போறதுன்னா அந்த நீலச் சட்டைய மடிச்சு வச்ச எடத்துல ஒங்க வெள்ளச் சட்டையும் இருக்கு, இஸ்திரி போட்டுக்க," என்று மட்டும் சத்தம் வந்தது. 'ஒங்க' என்று மாமி என்னைச் சொன்னதில்லை. என்னை மட்டும் நினைத்துச் சொன்னாரா, எங்கள் இருவரையும் நினைத்துச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். இஸ்திரி போடவில்லை.

நாளைக் காலை கிளைவ் என் பெயரைக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு வரவேண்டிய ஒரு சொல்லை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எழுதாமலும் விடுங்கள். என்னை அந்தத் தெருவுக்கு அனுப்பினாலும் சரி, பிள்ளைமடுவத்துக்கு அனுப்பினாலும் சரி. கடிகாரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இங்கே ஆறு மணியாகும்போது அது எட்டரை காட்டும்.